நாயோடு கடைத்தெருவுக்குப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் நாய் வளர்க்கும் பலருக்கு நடைப்பயிற்சியும் கடை வேலையும் ஒன்றாகிவிட்டன. நாயை நடத்திக்கொண்டு போகிற வழியிலேயே பால் வாங்குகிறோம், தைக்கக் கொடுத்த சட்டையை வாங்குகிறோம், நின்று ஒரு டீ குடிக்கிறோம். அப்படிப் போகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், கடை நடத்தும் நண்பர்கள் சொன்ன குறைகளையும் சேர்த்து இதை எழுதியிருக்கிறேன். உரிமம், அபராதம் பற்றிச் சொல்வதெல்லாம் சென்னை மாநகராட்சி எல்லைக்கு உரியது. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாயைக் கடைக்குள் கூட்டிப்போக எனக்கு உரிமை இருக்கிறதா?

இல்லை. கடை இன்னொருவருடைய இடம். அவர் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது, காரணம் கேட்க வேண்டியதில்லை. "நாய் பைரவர் வாகனம்" என்று தினமும் காலையில் தெருநாய்க்கு பிஸ்கட் போடும் கடைக்காரரே, உள்ளே நாய் வருவதை விரும்பாமல் இருக்கலாம். அதில் முரண்பாடு எதுவும் இல்லை. வாசலில் ஒரு மரியாதை, உள்ளே ஒரு ஒழுங்கு.

முதலாளி சரி என்று சொல்லிவிட்டாலும் அனுமதி முழுமையாகிவிடவில்லை என்பது என் கருத்து. கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு நாய் என்றால் நடுக்கமாக இருக்கலாம். முதலாளி தலையாட்டிய பிறகு அவரால் வாய் திறக்க முடியாது, வேலையை விட்டு நகரவும் முடியாது. உள்ளே நுழையும் முன் அவர் முகத்தையும் ஒருமுறை பாருங்கள். அவர் பின்வாங்கினால் வாசலோடு நின்றுகொள்ளுங்கள்.

எந்தக் கடைகள் தோதானவை?

நாய்க்கான தீவனமும் சாமான்களும் விற்கும் கடையில் தொடங்குவதுதான் எளிது. அங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அடுத்தது, தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும் கடைகள்: இஸ்திரி வண்டி, தையல் கடை, சைக்கிள் பழுது பார்க்கும் கடை, இளநீர் வண்டி. இங்கெல்லாம் நீங்கள் தெருவிலேயே நிற்கிறீர்கள், நாயும் நிற்கிறது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

செடிகள் விற்கும் நர்சரி நாய்க்குப் பிடித்த இடம். ஆனால் அரளி நஞ்சு. இலையைக் கடித்தாலே ஆபத்து. எலும்புத்தூள் மூட்டையின் வாசனைக்கும் நாய் ஓடும், அதைத் தின்றால் வயிறு கெடும். இரும்புக் கடையில் தரையில் சிதறிக் கிடக்கும் ஆணி, சிமெண்டு தூசி. மளிகைக் கடையில் நான் அஞ்சுவது மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருக்கும் எலி மருந்துக்கு. அதில் பல வகை ரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. நாய் தின்றுவிட்டால் 2, 3 நாள் வரை ஒன்றும் வெளியே தெரியாது, பிறகு உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும். அதனால் மளிகைக் கடையில் நாய் உங்கள் முட்டியைத் தாண்டிப் போகாதபடி கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள். துணிக்கடையில் பீரோ ஓரங்களில் கிடக்கும் அந்துருண்டையும் நாய்க்கு நஞ்சு.

வங்கி, நகைக்கடை, மருந்துக்கடை, மருத்துவமனை, கோயில் வாசல் கடைகள் வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லும் எந்த இடமும் வேண்டாம். நம் காலுக்கே இடமில்லாத தரையில் நான்கு பாதங்களை வைப்பதை யாரும் ரசிக்க மாட்டார்கள்.

ஹோட்டலுக்கும் காபி கடைக்கும்?

உணவுத் தொழிலுக்கு உரிமம் வழங்குவது பற்றிய 2011ஆம் ஆண்டு விதிகளின் 4ஆவது அட்டவணை, விலங்குகளையும் செல்லப்பிராணிகளையும் உணவு நிறுவன வளாகத்துக்குள் விடக்கூடாது என்கிறது. ஆகவே தெருமுனை மெஸ்காரர் "உள்ளே வேண்டாம் சார்" என்று சொன்னால் அவர் உங்களை அவமதிக்கவில்லை, தன் உரிமத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

நாயை வரவேற்கும் காபி கடைகள் சென்னையில் இருக்கின்றன. பெரும்பாலும் சமையலறையிலிருந்து விலகிய தோட்டத்திலோ தாழ்வாரத்திலோ நாற்காலி போட்டிருப்பார்கள். ஆனாலும் போவதற்கு முன் போன் செய்து மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: இன்றைக்கு நாய் வரலாமா, எந்தப் பகுதியில் உட்கார வேண்டும், இனம் அல்லது எடை பற்றி ஏதாவது கட்டுப்பாடு உண்டா. போன மாதம் அனுமதித்தவர்கள் இந்த மாதம் ஏதோ ஒரு தகராறுக்குப் பிறகு நிறுத்தியிருக்கலாம்.

போனபின் மூலை மேசையைக் கேளுங்கள். முதுகுப் பக்கம் சுவர் இருந்தால் நாய்க்கு ஒரு பக்கக் கவலை குறையும். தட்டு, கிண்ணம் எதுவும் கடையினுடையதாக இருக்கக்கூடாது. நாயை நாற்காலியில் ஏற்றாதீர்கள். படம் எடுக்க மட்டும் என்றாலும்தான். அடுத்து அங்கே உட்காரப் போகிறவர் வெள்ளை வேட்டியோடு வரலாம்.

எந்த நேரத்தில் போகலாம்? எப்படிக் கேட்பது?

முதல் தடவை நாய் இல்லாமல் போய்க் கேளுங்கள். நாயோடு வந்து நின்று கேட்டால் கடைக்காரர் முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்குவார், மனத்துக்குள் புழுங்குவார். "நாளைக்கு என் நாயைக் கூட்டிவரலாமா அண்ணே, உங்களுக்குத் தொந்தரவு இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுகிறேன்" என்று கேட்டால் அவருக்கும் யோசிக்க இடம் கிடைக்கிறது.

போணி ஆகும் முன் போகாதீர்கள். கடையைத் திறந்து, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி, முதல் வியாபாரத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் நாயோடு வந்து விலை மட்டும் விசாரித்துவிட்டுப் போகிறவரை எந்தக் கடைக்காரரும் மறக்க மாட்டார். வெள்ளிக்கிழமை மாலையும் அமாவாசை அன்றும் பூசணிக்காய் சுற்றி உடைக்கும் நேரமும் அப்படியே. கோலத்தைச் சுற்றிக்கொண்டு போங்கள், நாயையும் சுற்ற வையுங்கள்.

தோதானது போணி முடிந்து கூட்டம் சேர்வதற்கு முந்திய இடைவெளி. ஒவ்வொரு கடைக்கும் அது வேறு நேரம். இஸ்திரிக்காரருக்குக் காலை எட்டு மணி உச்ச நேரம். நர்சரிக்காரர் அந்த நேரத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு சாவகாசமாக இருப்பார். தீபாவளிக்கு முந்திய வாரம் முழுவதும் எந்தக் கடைக்கும் வேண்டாம். கூட்டம் ஒரு பக்கம், எந்த நொடியில் எந்தச் சந்தில் வெடி வெடிக்கும் என்று தெரியாதது இன்னொரு பக்கம்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

வெறிநாய்க்கடி தடுப்பூசிச் சான்றிதழும் மாநகராட்சி உரிமமும். இரண்டையும் படம் எடுத்து போனில் வைத்திருங்கள்.

சென்னை மாநகராட்சி 2025இல் செல்லநாய்களுக்கு உரிமத்தோடு, தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். உரிமம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, அதற்கு அந்த ஆண்டின் தடுப்பூசிச் சான்று தேவை. இணையத்தில் விண்ணப்பிக்கலாம், மைக்ரோசிப்பை மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் பொருத்துகிறார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் புதிய உரிமம் தருவதை மாநகராட்சி நிறுத்திவிட்டது. ஏற்கெனவே உரிமம் பெற்றவை வெளியே வரும்போது கயிறும் வாய்மூடியும் இல்லாமல் வரக்கூடாது. இந்த இரண்டு இனத்தையும் வளர்ப்பவர்கள் கடைத்தெரு ஆசையை விட்டுவிடுவது நல்லது. நாய் சாதுவாகவே இருக்கலாம். ஆனால் எதிரே வருபவர் செய்தித்தாள் படித்துவிட்டு வருகிறார்.

நாய்க்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கை கொடுப்பது, உருளுவது எல்லாம் கடையில் பயன்படாது. மூன்று போதும்.

ஒன்று, "விடு". மூக்குக்கு முன்னால் கிடக்கும் வடையை நீங்கள் சொன்னவுடன் விட்டுத் தலையைத் திருப்ப வேண்டும். இரண்டு, "இரு". நீங்கள் பணம் எண்ணிக் கொடுத்து மீதிச் சில்லறை வாங்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். மூன்று, விரித்த பாயில் வந்து படுப்பது.

பாய்ப் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கடை வாழ்க்கையில் பாதிப் பிரச்சினை இதனாலேயே தீரும். சின்னக் கோரைப்பாய்த் துண்டு ஒன்றோ பழைய துண்டு ஒன்றோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அதை விரித்ததும் நாய் அதன்மேல் வந்து படுத்தால் ஒரு சிறு தீனி. எழுந்தால் ஒன்றும் இல்லை, திட்டும் இல்லை. பிறகு வீட்டு வாசலில், பிறகு மாடிப்படியில், பிறகு ஓசையுள்ள தெருவோரத்தில். இடம் மாறும்போதெல்லாம் நேரத்தைக் குறைத்து மறுபடி கூட்டுங்கள். வாசலில் அரை மணி நேரம் படுத்த நாய் தெருவோரத்தில் ஒரு நிமிடம்தான் படுக்கும், அது இயல்பு. பழகிவிட்டால் எந்தக் கடையிலும் அந்தத் துணியை விரித்தவுடன் தன் இடம் கிடைத்துவிட்டது என்று நாய் அடங்கும். கடைக்காரருக்கும் தரையில் முடி உதிராது என்ற நிம்மதி.

நாய் கொட்டாவி விடுகிறது, உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறது, வாலை இடுக்கிக்கொள்கிறது, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்க்கிறது என்றால் அதற்குத் தூக்கமும் பசியும் வரவில்லை, பயம் வந்திருக்கிறது. வாங்க வந்ததை வாங்காமலேயே கிளம்புங்கள்.

கழுத்துப்பட்டை போதுமா, ஹார்னஸ் வேண்டுமா?

நாயைப் பொறுத்தது. லாப்ரடாருக்கு எதுவும் சரி. நம் ஊர் வேட்டைநாய்களுக்குச் சாதாரணக் கழுத்துப்பட்டை ஆபத்து. சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தலை ஒடுங்கியது, கழுத்து அதற்கு ஏறக்குறைய அதே அளவு. பயந்து பின்னால் இழுத்தால் பட்டை காது வழியாக வழுக்கிக் கையோடு வந்துவிடும். முயல் வேட்டைக்குப் பழகிய பரம்பரை. கழன்ற பிறகு நீங்கள் ஓடிப் பிடிக்க முடியாது. இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் அகலமான மார்ட்டிங்கேல் பட்டையோ, மார்பையும் வயிற்றையும் சுற்றி வரும் ஹார்னஸோ போடுங்கள்.

ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அந்த இனத்தில் சில நாய்களுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் திமிர் என்று நினைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்காத நாயைக் கைச்சைகையால் பழக்கலாம், ஆனால் ஆட்டோ ஹாரன் அதற்குக் கேட்காது என்பதை நீங்கள் மறக்கக்கூடாது. ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கு வளர்க்கப்பட்டவை. புது ஆட்கள் தொடுவதை அவை விரும்புவதில்லை. அவற்றைக் கடைக்குக் கூட்டிப்போய் எல்லாரிடமும் கொஞ்ச விடவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

கயிறு நான்கிலிருந்து ஆறு அடி. பொத்தானை அமுக்கினால் நீண்டுகொண்டே போகும் சுருள் கயிறு கடைத்தெருவுக்கு ஆகாது. பூக்காரம்மாவின் கூடைக்கும் பைக்கின் சக்கரத்துக்கும் நடுவே அது போய்ச் சிக்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

வாய்மூடி போட்டால் கடிக்கிற நாய் என்று நினைக்கிறார்களே?

நினைக்கட்டும். தள்ளி நிற்பார்கள், அது உங்களுக்கும் நல்லதுதான்.

கூடை மாதிரியான வாய்மூடியை வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டு நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தண்ணீரும் குடிக்கும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை மருத்துவர் ஊசி போடும் சில நிமிடத்துக்கானது. நாய்க்கு உடல் சூட்டைத் தணிக்க இருக்கும் முக்கிய வழி வாயைத் திறந்து இளைப்பது. சென்னை வெயிலில் வாயைக் கட்டினால் அந்த வழியை அடைத்துவிடுகிறீர்கள். பழக்குவதற்குக் கூடையின் உட்புறத்தில் கொஞ்சம் கெட்டித் தயிரைத் தடவி நாயைத் தானாக மூக்கை விட விடுங்கள். முதல் நாளே வாரை மாட்டாதீர்கள்.

"கடிக்குமா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

"ஒன்றும் செய்யாது" என்று சொல்லாதீர்கள். நாய் வளர்ப்பவர்கள் இந்த இரண்டு சொல்லை மறந்துவிட்டால் கடைத்தெருவில் பாதிச் சண்டை குறையும்.

கேட்கிறவர் தகவலுக்காகக் கேட்கவில்லை, வழி கேட்கிறார். அவர் சின்ன வயதில் கடிபட்டிருக்கலாம், வெறிநாய்க்கடியால் இறந்த ஒருவரைத் தெரிந்திருக்கலாம். அந்த நோய் வந்தபின் பிழைப்பவர் ஏறக்குறைய யாருமில்லை என்பது அவருக்கும் தெரியும். அந்தப் பயம் மடத்தனம் அல்ல. அதனால், "இதோ பிடித்துக்கொண்டேன், நீங்கள் போங்கள்" என்று சொல்லிக் கயிற்றைச் சுருட்டி, நாய்க்கும் அவருக்கும் நடுவில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். அவர் கடந்து போகும்வரை காத்திருங்கள்.

இதற்கு எதிர்மாறானவர்களும் உண்டு. கேட்காமலேயே குனிந்து தலையைத் தடவ வருவார்கள், குழந்தையைத் தள்ளி "தொட்டுப் பார் கண்ணா" என்பார்கள். கையை நீட்டித் தடுங்கள். "கொஞ்சம் கூச்சப்படும், இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. நாய் தானாகப் போய் மோந்து பார்த்தால் மட்டும் தொட விடுங்கள். தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல் மார்புப் பக்கம் தொடச் சொல்லுங்கள்.

நாய் தொட்டால் குளிக்க வேண்டும் என்கிறார்களே, என்ன செய்வது?

மாலை போட்டிருக்கும் ஐயப்ப பக்தர், கோயிலுக்குப் பூத்தட்டோடு போகிறவர், மடியாக இருக்கும் பாட்டி, தொழுகைக்குக் கிளம்பிய இஸ்லாமியர். இவர்கள் யாருக்கும் நாய் மீது வெறுப்பு இருக்க வேண்டியதில்லை. ஆனால் நாயின் எச்சிலோ மூக்கோ பட்டால் அவர்கள் மறுபடி வீட்டுக்குப் போய்த் துணி மாற்ற வேண்டியிருக்கும், சிலர் முறைப்படிக் கழுவ வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல் தெருவையும், மார்கழி விடியற்காலையில் கோயில் வீதியையும் தவிர்த்துவிடுங்கள். வேறு தெரு இல்லையா என்ன?

போகிற வழியில் தெருநாய்கள் சூழ்ந்துகொள்கின்றன. எப்படிப் போவது?

கடைக்குள் நடப்பதைவிடக் கடைக்குப் போகும் வழிதான் பலருக்குப் பெரும் பாடு. ஒவ்வொரு தெருமுனையும் ஒரு கூட்டத்தின் எல்லை. உங்கள் நாய் அதை மிதித்ததும் தெருநாய்கள் குரைத்துக்கொண்டு வரும். அது எல்லைக்குள் நுழைந்தவருக்கு விடும் எச்சரிக்கை, பெரும்பாலும் எல்லையைத் தாண்டியதும் நின்றுவிடும்.

ஓடாதீர்கள், கல் எடுக்காதீர்கள், நின்று முறைக்காதீர்கள். உங்கள் நாயை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு அதே வேகத்தில் நடந்து எல்லையைக் கடந்துவிடுங்கள். கையில் ஒரு குடை இருந்தால் நல்லது. நெருங்கி வந்தால் அவற்றுக்கும் உங்களுக்கும் நடுவே விரித்துப் பிடித்தாலே தயங்கி நிற்கும். சின்ன நாயைச் சட்டென்று தலைக்கு மேல் தூக்கினால் சில நாய்கள் எட்டிப் பாயும். தூக்கத்தான் வேண்டும் என்றால் அவை நெருங்கும் முன்பே, தூரத்தில் பார்த்தவுடனே தூக்கிவிடுங்கள்.

நீண்ட நாள் வழி வேறு. தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். அவரோடு பழகிக்கொள்ளுங்கள். எந்த நாய் சண்டைக்காரன், எது குட்டி போட்டிருக்கிறது, எந்த நேரத்தில் எங்கே படுத்திருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. குட்டி போட்ட தாய் இருக்கும் தெருவுக்குள் இரண்டு மாதத்துக்கு உங்கள் நாயோடு போகாதீர்கள். உங்கள் பெண்நாய்க்குப் பருவம் வந்திருந்தால் மூன்று வாரத்துக்குக் கடைப்பக்கமே வேண்டாம்; தெருவின் ஆண்நாய்கள் எல்லாம் கடை வாசல்வரை ஊர்வலமாக வரும்.

வெயில் காலத்தில்?

மார்ச் முதல் ஜூன் வரை காலை எட்டுக்குள், அல்லது இருட்டிய பிறகு. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு எண்ணும்வரை வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் முடியாது. மாலை ஐந்தரைக்குச் சூரியன் தாழ்ந்திருக்கும், தார் இன்னும் கொதிக்கும். அக்னி நட்சத்திர நாள்களில் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். பக், ஷிட்சு, பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதை குறுகல், சூட்டை வெளியேற்றுவது கடினம். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கயிறாக ஒழுகி, நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரணத் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். கடைக்காரர் அன்போடு ஐஸ் கட்டி கொண்டுவந்தால் நன்றி சொல்லிவிட்டுச் சாதாரணத் தண்ணீரையே கேளுங்கள்.

கடையில் தின்பதற்கு ஏதாவது கொடுத்தால்?

டீக்கடையில் நாய்க்கென்றே பொறை இருக்கும். ஒன்று கொடுத்தால் கெடுதல் இல்லை. ஆனால் "கேட்டுவிட்டுக் கொடுங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நாய் அந்தக் கடையைத் தாண்டி நடக்காது.

கேசரி, சர்க்கரைப் பொங்கல், பாயசம் வேண்டாம். அவற்றில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே சாம்பார் ஊற்றிய இட்லி, வெங்காய பஜ்ஜி, சால்னா எல்லாம் கூடாது. பிரியாணிக் கடை வாசலில் கிடக்கும் வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கலாம். சாக்லேட்டும், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டாலும் நஞ்சு. தின்றுவிட்டால் எவ்வளவு, எப்போது என்று குறித்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் கைவைத்தியம் வேண்டாம்.

கடை வாசலில் காலைத் தூக்கிவிட்டால்?

கடைக்கு வருமுன்பே ஒரு சுற்று நடத்தி முடிக்கவைப்பதுதான் வழி. அப்படியும் நடந்துவிட்டால் கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலை அங்கே ஊற்றுங்கள், கடைக்காரரிடம் நீங்களே சொல்லுங்கள். ஆண்நாய்க்கு நிறுத்தியிருக்கும் பைக் சக்கரம் என்றால் ஆசை. அந்தப் பைக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். மலத்தைப் பழைய செய்தித்தாளால் எடுத்துப் பையில் கட்டி உங்கள் வீட்டுக் குப்பையில் சேருங்கள். கடைக்காரரின் குப்பைக்கூடையில் அல்ல.

பினாயில் போட்டுத் துடைத்த தரை காயும்வரை உள்ளே விடாதீர்கள். நாய் பிறகு பாதத்தை நக்கும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கலாம், எலிக்காய்ச்சல் அதன் வழியாக நாய்க்கும் நமக்கும் வரும். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவித் துடையுங்கள்.

வெளியே கட்டிவிட்டு இரண்டு நிமிடம் போய்வரலாமா?

கூடாது. பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டினால் மிரண்டு நாற்காலியோடு ஓடும். அதன் சத்தத்துக்கே இன்னும் மிரளும். ஸ்கூட்டரில் கட்டினால் ஸ்கூட்டர் சாயும். தெருநாய் வந்தால் தப்பிக்க வழியில்லாமல் கட்டுண்டு நிற்கும். திருட்டும் நடக்கிறது. உள்ளே போக வேண்டிய வேலை என்றால் இன்னொருவரைக் கூட்டிவாருங்கள், அல்லது நாயை வீட்டில் விட்டுவிடுங்கள்.

குட்டியை எப்போதிலிருந்து கூட்டிப்போகலாம்?

இங்கே இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி வரிசை முடிய நான்கு மாதம் ஆகலாம். மறுபக்கம், உலகத்தைப் பயமின்றிப் பார்க்கப் பழகும் பருவம் 3ஆவது வாரத்திலிருந்து 14ஆவது வாரத்துக்குள் பெருமளவு முடிந்துவிடும். ஊசி முடியும்வரை பூட்டி வைத்த குட்டி பஸ் ஹாரனுக்கு வாழ்நாள் முழுக்க நடுங்கலாம்.

நான் சொல்வது, தூக்கிக்கொண்டு போங்கள். தோளிலோ கூடையிலோ வைத்துக் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்று திரும்புங்கள். தரையில் மட்டும் விடாதீர்கள், மற்ற நாய்களின் மூக்குக்கு எட்டவிடாதீர்கள். உங்கள் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் நாய் யாரையாவது கடித்துவிட்டால்?

முதலில் நாயைப் பாதுகாப்பாகக் கட்டுங்கள். உடனே, கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் செய்யுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நீண்ட நேரம், கடிகாரத்தைப் பாருங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்த்தூள் எதையும் வைக்க விடாதீர்கள், கட்டும் போட வேண்டாம். பல் பட்டுச் சிராய்த்திருந்தாலும், காயத்தின்மேல் நாய் நக்கியிருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் கடிபட்ட அன்று, பிறகு 3, 7, 28ஆம் நாள்களில் போடுகிறார்கள். பல் தோலைத் துளைத்திருந்தால் காயத்தைச் சுற்றி, வைரஸை உடனே எதிர்க்கும் மருந்தான இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். உங்கள் நாய்க்கு ஊசி போட்ட சான்றிதழைக் காட்டுங்கள், ஆனால் "என் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது, உங்களுக்குத் தேவையில்லை" என்று நீங்கள் தீர்ப்பு சொல்லக்கூடாது. அது மருத்துவர் முடிவு. நாயைப் 10 நாள் கண்காணிப்பில் வையுங்கள். வேறு எங்கும் அனுப்பிவிடாதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. வளர்க்கும் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். செலவை ஏற்று, அடுத்த ஊசி நாளை நினைவூட்டி, வீடு தேடிப்போய் விசாரிக்கிறவர்மேல் புகார் கொடுப்பவர்கள் குறைவு என்பதையும் பார்த்திருக்கிறேன்.

நான் கடைக்காரர். நாயோடு வருகிறவர்களை அனுமதிக்கலாமா?

உணவு விற்காத கடை என்றால் உங்கள் விருப்பம். முதலில் வேலை செய்பவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாரையும் கூட்டி வைத்துக் கேட்டால் பயப்படுகிறவர் கை தூக்க மாட்டார். அனுமதிப்பதானால் வாசலில் எழுதிப் போடுங்கள்: நாய் வரலாம், கயிறு கட்டாயம், ஒரு நேரத்தில் ஒரு நாய். நாய்க்குப் பயப்படுகிற வாடிக்கையாளர் அதைப் படித்துவிட்டு முடிவு செய்துகொள்வார். எலி மருந்தை எடுத்துவிடுங்கள் அல்லது மூடிய பெட்டிக்குள் வையுங்கள். நாயோடு வந்தவர் கயிற்றைத் தளரவிட்டால் தயங்காமல் வெளியே போகச் சொல்லுங்கள். ஒழுங்காக நாய் வளர்ப்பவர்கள் உங்கள் பக்கம்தான் நிற்பார்கள்.

ஆட்டோவில் ஏற்றுவார்களா?

ஏறும் முன் கேட்டால் பலர் ஏற்றுகிறார்கள். இருக்கையில் உங்கள் துணியை விரித்து, நாயைக் காலடியில் உட்கார வையுங்கள், முடி உதிர்ந்திருந்தால் துடைத்துவிட்டு இறங்குங்கள். பேசியதற்கு மேல் இருபதோ முப்பதோ சேர்த்துக் கொடுத்தால் அடுத்த தடவை அவரே நிறுத்துவார். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக் கூட்டிப்போவது வேண்டாம். ஒரு பூனை குறுக்கே ஓடினால் போதும், நாயும் நீங்களும் சாலையில்.

பூனையையும் இப்படிக் கூட்டிப்போகலாமா?

மருத்துவரிடம் போவதற்குக் கூடையில் வைத்து எடுத்துப் போங்கள். மற்றபடி வேண்டாம். பெரும்பாலான பூனைகளுக்குக் கடைத்தெரு பார்க்கும் ஆசை இல்லை. மாடிச் சுவரில் உட்கார்ந்து, நீங்களும் நாயும் எப்போது திரும்பி வருகிறீர்கள் என்று பார்ப்பதிலேயே திருப்தி.